கோழிக்குஞ்சு நரம்பும் அண்ணன் கையும்

1

நான் ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் ஆனதை ஆய்வகத்தில் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். 2008-ம் வருஷம், குளிர் தொடங்கியிருந்த நேரம். கேக்கை நரம்பு செல்லின் வடிவத்தில் செய்திருந்தார்கள். சாக்லேட்டில் ஒரு உருண்டை, அதிலிருந்து நாலாபக்கமும் கிளைகள், ஒரு பக்கம் மட்டும் நீளமான வால். செய்த பெண் அதை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்ததில் வால் துண்டு துண்டாகிவிட்டது. அதற்கென்ன, செல்வி இருக்கிறாளே, வளர்த்துக் கொடுத்துவிடுவாள் என்றார் எங்கள் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் ஜோக் சொன்னால் சிரித்தாக வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத விதி. குப்பையை எந்த நிற டப்பாவில் போடுவது என்பதுவரை எழுதிவைத்திருக்கும் நாட்டில் இதை மட்டும் எப்படி எழுதாமல் விட்டார்கள் என்று தெரியவில்லை.

அந்த கேக் ருசி நாக்கில் இருக்கும்போதே தேனிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் கோம்பைக்குப் போன் போட்டேன். அங்கே என் அண்ணன் முருகேசனுக்குத் திராட்சைத் தோட்டம். அந்த வருஷம் ஆடி மாசம் உத்தமபாளையத்திலிருந்து பைக்கில் திரும்பும்போது, பின்விளக்கு இல்லாமல் போன ஒரு டிராக்டரின் பெட்டியில் மோதி, வலது தோள் தரையில் அடிபட விழுந்திருந்தார். எலும்பு முறியவில்லை. தோலில்கூடப் பெரிய காயமில்லை. ஆனால் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் வேரோடு பிய்ந்துவிட்டன. கை, யாரோ மறந்து விட்டுப்போன பொருள் மாதிரி தோளில் தொங்கியது.

மதுரையில் பார்த்த டாக்டர்கள், இது தானாக ஒட்டாது, நெஞ்சிலிருந்து வேறு நரம்பை எடுத்துக் கைக்குத் தைக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் என்று சொல்லியிருந்தார்கள். நானும் போனில் அதையேதான் சொன்னேன். "சரி சரி, வைத்தியம் நடக்குது" என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் சொல்ல, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று போனை எடுத்தது மதினி. ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டேன்.

"ஆபரேசன் எதுக்கு செல்வி? உன் ஊசியத்தான போட்டுக்கிட்டு இருக்காக. மூணு ஊசி ஆச்சு."

என் ஊசியா, எந்த ஊசி என்றேன்.

"நீ கண்டுபிடிச்சதுதான். நோட்டீஸுல உன் போட்டோ போட்டுல்ல குடுக்காக."

2

நான் எந்த ஊசியையும் கண்டுபிடிக்கவில்லை. என் பத்து வருஷ உழைப்பை ஊரில் கேட்டவர்களுக்குச் சொன்னால் இவ்வளவுதான்: கோழி முட்டையை உடைக்கிறேன்.

அடைகாத்த முட்டைக்குள், சுண்டுவிரல் அளவு கூட இல்லாத குஞ்சின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மணி மணியாக நரம்பு முடிச்சுகள் இருக்கும். அதில் ஒன்றைப் பிய்த்துக் கண்ணாடித் தட்டில் வைப்பேன். அதற்கு 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்கிற புரதத்தைக் கொஞ்சம் விடுவேன். மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முடிச்சைச் சுற்றி முடி முளைத்த மாதிரி நூல் நூலாக நரம்பு நீண்டிருக்கும். புரதம் விடாத தட்டில் இருக்கும் முடிச்சு அதற்குள் செத்துப்போய்க் கிடக்கும். பார்க்கிற யாருக்கும் முதல் தடவை மயிர் கூச்செறியும். ஐந்நூறாவது தடவை கொட்டாவி வரும்.

அந்தப் புரதம் செல்லுக்குள்ளே போவதில்லை. வெளியே இருக்கும் ஓர் ஏற்பியில் வந்து உட்காரும், அவ்வளவுதான். ஏற்பி விழித்துக்கொண்டு உள்ளே பக்கத்தில் இருப்பதைத் தட்டும். அது அடுத்ததைத் தட்டும். இப்படிக் கைமாறிக் கைமாறி கடைசியில் செல்லின் கருவுக்குத் தகவல் போகும்: சாகாதே, நீளு. ஓர் அரசாங்க அலுவலகத்தில் பியூனிடம் கொடுத்த மனு கிளார்க், சூப்பரின்டென்டென்ட் என்று போய் மேலதிகாரியிடம் கையெழுத்தாகிற மாதிரிதான். என்ன, இங்கே நிமிஷக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும், இடையில் யாரும் நாளைக்கு வா என்று சொல்வதில்லை. அதே தகவல் சில செல்லுக்கு 'உயிரோடு இரு' என்றும் சில செல்லுக்கு 'கிளை விடு' என்றும் எப்படிப் புரிகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதுவும் கோழிக்குஞ்சில்.

முட்டை உடைக்கிறதுக்கு நாமக்கல் போதாதா, ஜெர்மனி எதற்கு என்று அண்ணன் ஒரு தடவை கேட்டிருந்தார். ஆனாலும் வளர்ச்சிக் காரணி என்றால் என்ன என்பதை ஊரில் சட்டென்று பிடித்துக்கொண்டவரும் அவர்தான். விதையில்லாத திராட்சைக்குக் குலையைப் பிஞ்சிலேயே ஒரு மருந்தில் முக்கி எடுப்பார்கள், காய் பருக்கும். "அதே கணக்குத்தான, முக்குனா வளரும்" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று நானும் சொல்லிவைத்தேன். விளக்கிச் சொல்ல அன்றைக்குப் போன் கார்டில் காசு இல்லை.

மதினி சொன்ன நோட்டீஸை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பிவைத்தவர் எங்கள் சித்தப்பா. உத்தமபாளையத்தில் ஃப்ளெக்ஸ் போர்டும் நோட்டீஸும் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். அனுப்பியது வருத்தத்தில் இல்லை, பெருமையில். நோட்டீஸ் அவர் கடையில்தான் அச்சாகியிருந்தது. ஊசிக்கார டாக்டர் வெறும் எழுத்தை மட்டும் கொண்டுவர, சித்தப்பாதான், நரம்பு என்றாலே எங்கள் வீட்டுப் பிள்ளைதானே என்று என் பட்டமளிப்பு விழாப் படத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இன்டர்நெட்டிலிருந்து என் கட்டுரையில் வந்த கோழிக்குஞ்சு முடிச்சின் படத்தையும் இறக்கிச் சேர்த்துவிட்டார்.

நோட்டீஸில் இருந்தது இது: 'ஜெர்மனியை வியக்க வைத்த நம் மண்ணின் மகள் கண்டறிந்த நரம்பு வளர்ச்சி ஊசி, இப்போது தேனியில். பக்கவாதம், கை கால் மரத்தல், ஞாபக மறதி, ஆண்மைக் குறைவு, பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாமை, அனைத்துக்கும் ஒரே தீர்வு.' கோழி முடிச்சின் படத்துக்கு அடியில் 'சிகிச்சைக்குப் பின்' என்று போட்டிருந்தது. டாக்டர் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் பெயரைவிட நீளம்.

அண்ணனுக்கு மறுபடி போன் போட்டு, அது மோசடி, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் தாயி. டாக்டரு எல்லாத்தையும் சொன்னாக. பேட்டன்ட்டு வெள்ளக்காரன் கையில இருக்கு, உன்னால வாயத் தொறக்க முடியாது. போன்ல நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு நம்பினார். நேரில் போகாமல் வேறு வழியில்லை.

3

நேரில் போவது என்றால் விசா. வெளிநாட்டவர் அலுவலகம் என்று ஒன்று இங்கே உண்டு. வந்த புதிதில் அங்கே நான் செய்த காரியம் இன்றைக்கும் எங்கள் ஆய்வகத்தில் பேசப்படுகிறது. என்ன வேலை செய்கிறாய் என்று அதிகாரி கேட்டார். ஆய்வகத்தில் ஒருவரை எல்லோரும் 'நெர்ஃபன்ஸேகெ' என்று சொல்வதைக் கேட்டிருந்தேன். நெர்ஃப் என்றால் நரம்பு, ஸேகெ என்றால் ரம்பம். நரம்பை அறுக்கிறவர், நம் வேலைதான் என்று நானாகவே முடிவு செய்து, "நான் ஒரு நெர்ஃபன்ஸேகெ" என்று தலைநிமிர்ந்து சொன்னேன். ஓயாமல் தொணதொணத்து உயிரை எடுக்கிறவரை அப்படிச் சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அதிகாரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் முன்னால் வந்து உட்காருகிற எல்லோரையும் பற்றி அவருடைய எண்ணம் அதுதானோ என்னவோ.

இந்தத் தடவை என் தங்கும் அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது. புதியது வரும்வரை கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் கற்பனைச் சான்றிதழ். நான் இங்கே இருக்கிறேன் என்று சட்டம் கற்பனை செய்துகொள்கிறது என்று அர்த்தம். இதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். கொள்கையளவில் விடுவார்கள் என்றார் அதிகாரி. நடைமுறையில் என்றேன். அது விமான நிலையத்தில் இருப்பவரைப் பொறுத்தது என்றார். எதற்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, நான் கண்டுபிடிக்காத ஒரு மருந்தை என் அண்ணன் போட்டுக்கொள்வதை நிறுத்த என்று வாய்வரை வந்தது. ஏற்கெனவே கற்பனையாக இருக்கிற ஆள், மேலும் எதற்கு என்று 'குடும்பக் காரணம்' என்று முடித்துக்கொண்டேன்.

பேராசிரியர் லீவு கொடுத்தார். முட்டைகள் காத்திருக்காது என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினார்.

4

கணவர் ஜெர்மனியிலேயே இருந்துவிட, மகள் மீராவை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்கு ஏழு வயது. ஜெர்மன் கொப்பளிக்கும். தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வாள், பேசச் சொன்னால் ஒவ்வொரு சொல்லையும் கடையில் விலை கேட்டு வாங்குகிற மாதிரி யோசித்து எடுப்பாள். அவள் தமிழ் ஏன் இப்படி என்று ஊரில் கேட்கிறவர்களிடம், அங்கே சூழ்நிலை அப்படி என்று சொல்வேன். வீட்டில் நானே அவளிடம் பாதி நேரம் ஜெர்மனில்தான் பேசுகிறேன் என்பதைச் சொல்வதில்லை.

கோம்பை பஸ் ஸ்டாப்பில் இறங்கினால், எனக்கே என்னை அடையாளம் தெரியாத அளவு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா கைங்கரியம். 'நரம்பியல் நாயகியே வருக' என்று போட்டு, என் முகத்தை ஒரு சுற்று சிவப்பாக்கியிருந்தார். மீரா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, நீ தேர்தலில் நிற்கிறாயா என்று ஜெர்மனில் கேட்டாள்.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். வலது கையை ஒரு துண்டால் கழுத்தோடு தூளி மாதிரி கட்டியிருந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள், பெரியவர்களைப் பார்த்தால் எப்படி வணக்கம் சொல்வது என்று அவளுக்குப் பள்ளியில் பழக்கியிருந்தபடி, மீரா நேராகப் போய் வலது கையை நீட்டிவிட்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. மதினி தலையைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் இடது கையால் அதைப் பிடித்துக் குலுக்கி, "வாங்க ஜெர்மனி" என்றார்.

அன்று மத்தியானம் அவர் கையைப் பார்த்தேன். தோள் சப்பையாகியிருந்தது. மேல்கைச் சதை ஏற்கெனவே பாதியாகக் கரைந்திருந்தது. நரம்பு வராத சதை நாளாக நாளாகச் சுருங்கும், ஒரு கட்டத்துக்குமேல் எந்த நரம்பு வந்து தட்டினாலும் அது திறக்காது. இதை எத்தனையோ மாணவர்களுக்குப் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். படத்தில் சதையைச் சிவப்பு சாக்பீஸால் வரைவேன். கையில் தொட்டபோது அது நனைந்த துணி மாதிரி இருந்தது.

கொஞ்சம் தேறியிருக்குல்ல, விரலில் ஓர் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார் அண்ணன். ஊசி போட்ட அன்றைக்கெல்லாம் அப்படி இருக்கிறதாம். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சனிக்கிழமை தேனிக்குப் போய் அந்த டாக்டரைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

5

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடி. வராந்தா முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள். பக்கவாதம் வந்தவர்கள், சர்க்கரையால் கால் மரத்தவர்கள், பரீட்சையில் தோற்ற மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பனார். எல்லோர் கையிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

துணைக்கு வருகிறேன் என்று சித்தப்பாவும் வந்திருந்தார். அவர் முன்கூட்டியே போன் செய்திருக்க வேண்டும். நான் படியேறி முடிக்கும்போதே ஊசி டாக்டர் கும்பிட்டபடி வெளியே வந்தார். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் சந்தனம், பேச்சில் குமுளி தாண்டி வந்தவர் மாதிரி ஒரு மலையாள இழுப்பு. ஆள் அசலில் கடமலைக்குண்டுக்காரர் என்று சித்தப்பா வழியில் சொல்லியிருந்தார். வைத்தியம் என்றால் கேரளா என்றால்தான் நம் ஆட்கள் நம்புவார்கள் என்பது அவர் கணக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. சித்தப்பா போட்டோ எடுத்தார். வராந்தாவில் இருந்தவர்கள், கையை அசைக்க முடிந்தவர்கள் எல்லாம், கைதட்டினார்கள்.

பொன்னாடையோடுதான் பேசினேன். இந்த ஊசியை நான் கண்டுபிடிக்கவில்லை, இது யாரும் கண்டுபிடித்ததே இல்லை, நோட்டீஸில் இருப்பது மனுஷ நரம்பு இல்லை, முட்டைக்குள் இருந்த கோழிக்குஞ்சின் நரம்பு என்றேன். அந்தப் புரதத்தை நிஜமாகவே மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தவர்கள் வெளிநாட்டில் உண்டு, அவர்களுக்கு வலிதான் வளர்ந்தது என்றும் சொன்னேன்.

வராந்தா கொஞ்ச நேரம் யோசித்தது. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் நோட்டீஸை மறுபடி பார்த்தார்.

"கோழிக்கே இம்புட்டு மொளைக்குதுன்னா மனுசனுக்கு மொளைக்காதா?" என்றார்.

பலர் தலையாட்டினார்கள். என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

மேஜைமேல் இருந்த மருந்துக் குப்பியை எடுத்து எழுத்தைப் படித்துக் காட்டினேன். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற விட்டமின். பார்க்க நல்ல சிவப்பு, அதுதான் அதன் சிறப்பு. டாக்டர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அங்கன புரதம்னு சொல்லுவாக மேடம், இங்கன விட்டமின்னு சொல்லுவோம். பேருதான் வேற" என்றார். இழுப்பு அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் காணாமல் போயிருந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, மேடம் ஜெர்மனியில் அக்ரிமென்ட் போட்டிருக்கிறார்கள், வெளியே இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ரகசியம் மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

கடைசி நாற்காலியில் புருஷனோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து என் பக்கத்தில் வந்தார். அவர் புருஷனுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"எனக்கு மத்ததெல்லாம் வெளங்கல தாயி. இத இவருக்குப் போடவா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

வேண்டாம் என்றேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, புருஷனைத் தோளில் தாங்கி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். மற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். நான் விஞ்ஞானத்துக்காக வாதாடியதில் கிடைத்த மொத்த வெற்றி அந்த ஒரு ஜோடிதான்.

எழுத்து மூலம் புகாரும் கொடுத்தேன். ஊசி டாக்டர் லாட்ஜை மாற்றினார். அடுத்த மாத நோட்டீஸில் என் படத்தோடு பொன்னாடை போட்ட படமும் சேர்ந்திருந்ததாம். அது வேறு அச்சகத்தில் அடித்தது, நம் கடையில் இல்லை என்று சித்தப்பா சத்தியம் செய்தார். அச்சுத் தரம் மோசம் என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

6

நான் லாட்ஜில் பேசியது எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணன் அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனவர் வெகுநேரம் திரும்பாததால் நானும் போனேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில், ஒரு கொடியைக் கம்பியோடு கட்ட இடது கையாலும் பல்லாலும் போராடிக்கொண்டிருந்தார். நான் போய்க் கட்டிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அத்தன பேரு முன்னால ஒண்ணுமில்லன்னு சொல்லிப்புட்டியாமே" என்றார்.

ஒன்றுமில்லாததைத்தான் சொன்னேன் என்றேன்.

"அந்தத் தட்டுல வளருதுன்னு நீதான சொன்ன. அது பொய்யா?"

"பொய்யில்லண்ணே. வளரும்."

"அப்ப என் கைக்கு ஏன் வளராது?"

வேர் மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, மருந்தை எங்கே ஊற்றுவது என்றேன். தட்டில் நரம்பு ஒரு நகத்தின் அளவு நீண்டால் போதும், நாங்கள் கட்டுரை எழுதிவிடுவோம். கழுத்திலிருந்து அவர் கைக்குப் போக வேண்டிய தூரம் வேறு. நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். போகிற வழியில் பழைய நரம்பின் உறை இன்னும் இருக்கிறது. அந்த உறைச் செல்களே தேவையான வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, இங்கே வா இங்கே வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். கூப்பிடுவதைக் கேட்க, உயிரோடிருக்கும் ஒரு நரம்பின் முனை அந்தப் பக்கம் வேண்டும். அதைத்தான் ஆபரேஷனில் நெஞ்சிலிருந்து எடுத்துத் தைப்பார்கள். கூப்பிடுகிற சத்தமும் நாளாக நாளாகக் குறைந்துவிடும், சதையும் காத்திருக்காது. அதனால்தான் ஆறு மாதம் என்கிறார்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அண்ணன் பந்தலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அப்ப பத்து வருசமா நீ பாத்தது எதுக்குத்தான் ஆகும்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எனக்கு நிறையப் பதில் தெரியும். நிதி கேட்டு எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதுகிறேன். முதுகெலும்பு முறிந்தவர்கள் நடப்பார்கள், மறந்தவர்களுக்கு ஞாபகம் வரும் என்றெல்லாம் பக்குவமான ஜெர்மனில் சொல்வேன். யோசித்தால் அந்த ஊசி டாக்டரின் நோட்டீஸுக்கும் அதற்கும் எழுத்துப்பிழை அளவுதான் வித்தியாசம். அண்ணனிடம் அதைச் சொல்ல வரவில்லை.

"இன்னைக்கு உனக்கு ஒண்ணுக்கும் ஆகாதுண்ணே" என்றேன். "என்னைக்காச்சும் யாருக்காச்சும் ஆகலாம். அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியாது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கட்டியிருந்த துண்டை இடது கையால் சரிசெய்துகொண்டார்.

"விழுந்த நாள்ல இருந்து ஆகாதுன்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. எல்லாரும் ஆகும் ஆகும்னுதான் சொன்னாக" என்றார். "நீயாச்சும் சொன்னியே. அந்த ஆபரேசனு பண்ணா என்ன வரும், என்ன வராது? அதயும் இப்படியே சொல்லு."

விரல்கள் வராது, மணிக்கட்டும் அநேகமாக வராது, முழங்கை மடங்கலாம், அதற்கும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றேன். சரி என்றார். வீட்டுக்கு நடந்து வந்து மதினியிடம், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி கேள் என்றார்.

7

மதுரை டாக்டர்கள் எழுதிக் கொடுத்து அனுப்ப, ஆபரேஷன் கோயம்புத்தூரில் நடந்தது. விலா எலும்புகளுக்கு இடையில் ஓடி, மூச்சு விட உதவுகிற நரம்புகளில் சிலவற்றை எடுத்து, முழங்கையை மடக்குகிற சதையின் நரம்போடு தைத்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தபோது மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மூச்சு நரம்பை எடுத்துவிட்டால் மூச்சு நின்றுவிடாதா? நிற்காது, மிச்சம் நிறைய இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு உள்ளே எனக்கு ஒரு பயம் வந்தது. தட்டில் ஒரு முடிச்சு செத்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த முட்டையை எடுப்பேன். அன்று அந்த வாசலில் உட்கார்ந்து, நான் படித்தது எதுவும் ஞாபகத்துக்கு வராமல், மதினியோடு சேர்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையல் பிரிக்கும்முன் லீவு முடிந்துவிட்டது. பிராங்பர்ட் விமான நிலையத்தில் இருந்தவர் என் கற்பனைச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் என்னை நிஜம் என்று ஒப்புக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

அதன்பிறகு காத்திருப்புதான். வாரம் தவறாமல் போன் போடுவேன். "ஒண்ணையும் காணோம்" என்பார் அண்ணன். இவ்வளவு நாளைக்கு வாழை போட்டிருந்தால் தாரே வெட்டியிருக்கலாம் என்று ஒரு தடவை சொன்னார். மழை வந்தது, ஒரு திராட்சை அறுவடை முடிந்தது, விலை விழுந்தது. "ஒண்ணையும் காணோம்." நான் இங்கே முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலையும் தட்டில் நரம்புகள் நான் கேட்காமலே நீண்டு கிடந்தன. அவற்றின் மேல் எனக்கு வந்த எரிச்சலை ஆய்வகத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருஷம் முடியும் சமயம் மதினி தானாகவே போன் செய்தார். காலையில் சளி பிடித்து அண்ணன் இருமிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு இருமலுக்கும் மேல்கையில் ஏதோ துடித்ததாம். முதலில் பயந்துவிட்டார்கள். எனக்கு விஷயம் புரிந்தது. நெஞ்சிலிருந்து வந்த நரம்பு சதையைத் தொட்டுவிட்டது. ஆனால் அது இன்னும் தன்னை மூச்சு நரம்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆழமாக மூச்சு இழுத்தால் கை மடங்கும், பழகப் பழக மூளை அதற்குப் புது வேலையைச் சொல்லிக் கொடுத்துவிடும் என்று மதினியிடம் விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இருமுனா நல்லதா?" என்றார்.

2010-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் உத்தமபாளையம் பிரௌசிங் சென்டருக்கு வந்து ஸ்கைப்பில் உட்கார்ந்தார். நானும் மீராவும் இந்தப் பக்கம். படம் விட்டு விட்டு வந்தது. கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பாரு தாயி என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் முங்கப் போகிறவர் மாதிரி மூச்சை இழுத்தார். முழங்கை மெதுவாக மடங்கியது. விரல்கள் அசையாமல் தொங்க, முன்கை மட்டும் நடுங்கி நடுங்கி மேலே வந்து, மார்பு உயரத்தில் நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததில் அவர் முகம் சிவந்திருந்தது. விட்டதும் கை கீழே விழுந்தது.

மீரா திரைக்கு மிக அருகில் போய், எந்த வார்த்தையை எடுப்பது என்று யோசித்து, தமிழில் கேட்டாள்.

"மாமா, உங்க கை ஏன் மூச்சு விடுது?"

அண்ணன் ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க, யாரும் சொல்லாமலே, கை குதித்துக் குதித்து மேலே ஏறியது.